பொத்தானுக்கு ஊசி

மிஷினக்காவைக் கழுத்தில் டேப் இல்லாமல் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கடைக்குப் போனாலும் டேப், சண்டைக்குப் போனாலும் டேப். தூங்கும்போதாவது கழற்றுவாளா என்று ஒருமுறை யாரோ அவள் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். "எனக்கு அப்புறம் தூங்கி, எனக்கு முன்னாடி எழுந்துடுவா. நான் எங்கே பார்த்தேன்?" என்றார் அவர்.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. இரண்டு மிஷின், துணி வெட்ட ஒரு நீளப் பலகை, சுவரோரம் நூல்கண்டு அடுக்கிய அலமாரி, ஜன்னலடியில் ஒரு முக்காலி. மிஷினில் உட்காருகிறவள் மூத்தவள். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் அவள் கையில் மழை மாதிரிக் கொட்டும். முக்காலியில் உட்காருகிறவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. சட்டம் மாட்டிய துணியில் பூ, கொடி, பறவை என்று கையால் தைப்பாள். வீட்டில் அவள் சின்னவள். தெருவில் அவளைக் கைவேலை என்பார்கள். "கைவேலை இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டுதான் இப்போதெல்லாம் ஆட்கள் உள்ளே வந்தார்கள். வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே மிஷினக்காவைத் தாண்டி ஜன்னலைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை தன் தோள் மேலே ஏறிப் போவது மிஷினக்காவுக்குத் தெரியும். மிஷினை ஒரு மிதி கூடுதலாக மிதிப்பாள்.

அதற்கெல்லாம் அவளிடம் ஒரு மருந்து இருந்தது. திரைச்சீலைக் கதை.

சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில், டீச்சர் வீட்டு ஜன்னல்களுக்குத் திரை வெட்டச் சொல்லியிருந்தாள் மிஷினக்கா. அறுபது அங்குலம். சின்னவள் டேப்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சென்டிமீட்டர் பக்கத்தில் அறுபது அளந்தாள். ஒரு துண்டோடு நிற்கவில்லை. மொத்தத் துணியையும் மடித்துப் போட்டு ஒரே வெட்டு. "ஜன்னலுக்கெல்லாம் அரைக்கால்சட்டை தைச்சுக் குடுத்தா எங்க வீட்டு மகராசி!" என்று முடிப்பாள் மிஷினக்கா. யாராவது சின்னவளின் பூவேலையைப் பார்த்து "அடடா" என்று வாயைத் திறந்தால் போதும், அந்தக் கதை வந்துவிடும். சின்னவளும் குனிந்த தலை நிமிராமல் சிரிப்பாள். எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மிஷினக்காவுக்குப் பிடிக்காது.

ஒன்றே ஒன்றில் மட்டும் பங்காளி கிடையாது. பொத்தான் மிஷினக்காவுடையது.

ஒரு மழை நாளில் நனைந்த எலி மாதிரி வந்த பூனைக்குட்டி, பொத்தான் போட்டுவைக்கும் இழுப்பறைக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. அதனால் அந்தப் பெயர். வெள்ளை உடம்பு, முதுகில் கருப்பாக ஒரு வட்டம். வளர்ந்த பிறகு மிஷின் மோட்டாரின் சூட்டுக்குப் பக்கத்தில் படுக்கும். யார் கூப்பிட்டாலும் காது மட்டும் அசையும். மிஷினக்கா கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டால் முழுசாக எழுந்து வரும். "இது என் வயித்துல பொறக்கல, அவ்வளவுதான்," என்பாள்.

அந்தப் பொத்தான் கோடையில் இளைக்க ஆரம்பித்தது. தின்னும், இன்னும் கேட்கும், தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்யும், ஆனால் முதுகெலும்பு விரலில் தட்டியது. வெட்டுத்துணிக் கூடையில் போய் ஒன்றுக்கு இருந்தது. மறுநாள் பார்த்தால் அந்தத் துணியில் எறும்பு மொய்த்தது.

"உன் பூனைக்குச் சர்க்கரை வியாதிடி," என்று சிரித்தார் வீட்டுக்காரர். ஒர்க் ஷாப்பிலிருந்து வந்து கைக்கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில வாக்கிங் கூட்டிட்டுப் போ."

சொன்ன வாய் பலித்துவிட்டது. பூனை டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து அதையேதான் சொன்னாள். காலையிலும் மாலையிலும் சாப்பாட்டோடு இன்சுலின் போட வேண்டும். வீட்டிலேயே போடலாம். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து, மடிப்புக்குள் ஊசியை விட வேண்டும். மருந்துச் சீட்டை நீட்டி, "சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச் கேளுங்க. ஊசி மெல்லிசா, குட்டையா இருக்கட்டும்," என்றாள்.

"ஊசிதானே? நான் பார்க்காத ஊசியா?" என்றாள் மிஷினக்கா.

மருந்துக்கடையில் கூட்டம். கடைக்காரர் இரண்டு பொட்டலங்களை எடுத்துப் போட்டார். "சிவப்பு மூடியிலேயே ரெண்டு நம்பர் இருக்கும்மா. இருபத்தாறு, முப்பத்தொண்ணு. எது வேணும்?"

"மெல்லிசுதான். இருபத்தாறு குடுங்க."

"மெல்லிசுன்னா..."

"எங்கிட்டயாங்க? நம்பர் சின்னதா இருந்தா ஊசி சின்னது. மிஷின்ல ஒன்பது போட்டா பட்டு, பதினெட்டு போட்டா ஜீன்ஸ். முப்பத்தொண்ணுல சாக்குதான் தைக்கணும்."

பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். தையல்காரியிடம் ஊசியைப் பற்றிப் பேசுவானேன் என்று கடைக்காரரும் கொடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற சின்னவள் வாயைத் திறந்தாள். மிஷினக்கா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

முதல் ஊசிக்கே பொத்தான் வீரிட்டது. இரண்டாவது ஊசி தோல் மடிப்பின் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. மருந்து முடியில் வழிந்தது. "அசையாதேடா தங்கம், அசையாதே," என்று கெஞ்சினாள். அது அவள் மணிக்கட்டில் நகத்தால் கோடு போட்டுவிட்டு அலமாரி உச்சிக்கு ஏறியது. பிறகு மருந்து இருந்த ஃபிரிட்ஜின் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடியது. பிறகு அவள் நாற்காலியை நகர்த்தினாலே ஓடியது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வரவில்லை.

ஒரு மத்தியானம் சோறு உண்டுவிட்டு முன்னறைக்கு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். முக்காலியில் சின்னவள் உட்கார்ந்து மஞ்சள் நூலில் பூ தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில், சட்டத்துக்கு அடியில், பொத்தான் சுருண்டு படுத்திருந்தது. தொண்டைக்குள் அது குர்ரென்று அரைப்பது வாசல்வரை கேட்டது.

மிஷினக்கா நேராக முக்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்னடி இது? குத்துறவ ஒருத்தி, கொஞ்சுறவ ஒருத்தியா?"

"நான் கூப்பிடலக்கா. அதுவா வந்து ஏறிச்சு."

"அதுவா வருமா? மீனைக் கையில தடவிக்கிட்டு உட்கார்ந்திருப்ப."

"மோந்து பாருங்க," என்று சின்னவள் கையை நீட்டினாள். நூல் வாசனைதான் வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் சின்னவள் தானாகவே கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். சிவப்பு மூடிதான், முப்பத்தொண்ணு. வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் பழைய ஊசியையும் புது ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையது கம்பி மாதிரி இருந்தது. புதியது முடி மாதிரி, பாதி நீளம்கூட இல்லாமல்.

"கை ஊசிக்கு நம்பர் ஏற ஏற மெல்லிசுக்கா. இதுவும் அந்த ஜாதி போல. மிஷின் ஊசிக்குத்தான் தலைகீழ்."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன? வாய்ல கொழுக்கட்டையா?"

"சொல்ல விட்டீங்களா?"

மாலை ஊசியைச் சின்னவள் போட்டாள். பொத்தான் கிண்ணத்தில் மீன் தின்றுகொண்டிருந்தது. தோலைத் தூக்கினாள், குத்தினாள், எடுத்தாள். பூனை தலையைக்கூடத் தூக்கவில்லை.

"போட்டாச்சா?" என்றார் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடி. "எனக்கே தெரியலையே. கைவேலைன்னா கைவேலைதான்."

மிஷினக்கா அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள், கொஞ்சம் வேகமாக. சட்டையில் தெறித்தது.

அன்றிலிருந்து ஊசி சின்னவள் பொறுப்பானது. குத்துகிற கையை வெறுத்து ஓடிய பூனை, இப்போது குத்துகிற மடியிலேயே படுத்தது. அதைத்தான் மிஷினக்காவால் தாங்க முடியவில்லை. தன்னை வெறுத்ததற்கு ஊசியைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாளே, அந்தக் காரணமும் போயிற்று.

மறுபடி டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாள் வந்தது. "வாங்கக்கா, போகலாம்," என்று கூடையோடு நின்றாள் சின்னவள்.

"நீயே போ. இப்போ அது உன் பூனைதானே?"

மழை இருட்டிக்கொண்டு வந்தது. சின்னவள் கூடைக்குக் குடை பிடித்து, தான் நனைந்துகொண்டு திரும்பினாள். டாக்டரம்மா மருந்தையே மாற்றியிருந்தாள். பழைய மருந்தில் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறதாம்.

"அக்கா, இந்த மருந்துக்குச் சிவப்பு மூடி கூடாதாம். ஆரஞ்சு மூடிதான் வாங்கணுமாம். ஏன்னா இதுல..."

"ஊசியைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா?"

"இல்லக்கா, அந்தக் கோடு..."

"துணி வெட்டணும். தள்ளு."

சின்னவள் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனாள். மீதியிருந்த சிவப்பு மூடிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஆரஞ்சு மூடிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். பொத்தான் தேற ஆரம்பித்தது. முதுகெலும்பு மறைந்தது, முடியில் மினுமினுப்பு வந்தது. வருகிறவர்கள் எல்லாம், "கைவேலை கையில என்ன இருக்கோ, பூனைகூடப் பொழைச்சுக்கிச்சு," என்றார்கள். மிஷினக்கா திரைச்சீலைக் கதையைச் சொன்னாள். முன்னைப்போல் யாரும் விழுந்து விழுந்து சிரிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் சின்னவளின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.

"காலை ஊசி மட்டும் நீங்க போட்டுடுங்கக்கா. டப்பாவுல எல்லாம் இருக்கு. ரெண்டாவது கோடு. சாயங்காலத்துக்குள்ள நான் வந்துடுவேன்."

"சரி சரி. கிளம்பு."

டப்பாவைத் தொடுவதாக இல்லை மிஷினக்கா. சின்னவள் தேர்ந்தெடுத்த ஊசி, அவள் டப்பா, அவள் கோடு. அதில் போட்டுப் பூனை சும்மா இருந்தால் பெயர் யாருக்குப் போகும்? முந்தைய நாளே வேறு தெருவில் வேறு மருந்துக்கடைக்குப் போய் வந்திருந்தாள். இந்த முறை தப்பே வராதபடி கேட்டாள்: முப்பத்தொண்ணு, இருக்கிறதிலேயே குட்டை, சிவப்பு மூடி. டாக்டரம்மா தன் வாயால் தன்னிடம் சொன்னது சிவப்பு மூடிதானே. ஆரஞ்சு என்பது இவள் கொண்டுவந்த ஃபேஷன்.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்துப் பார்த்தபோது மனசு நிறைந்தது. சின்னவள் வாங்கியதில் குழல் ஒல்லி, கோடுகள் எறும்பு ஊர்ந்த மாதிரி நெருக்கம். கண்ணாடி போட்டாலும் தெரியாது. இதில் குழல் அகலம். கோடுகள் தள்ளித் தள்ளி, மனுஷன் படிக்கிற மாதிரி. "இதுவல்லவா சாமான்," என்று சொல்லிக்கொண்டாள்.

காலையில் மருந்துக் குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினாள். இரண்டாவது கோடுவரை இழுத்தாள். கிண்ணத்தில் மீன் வைத்தாள். பொத்தான் தின்றது. தோலைத் தூக்கினாள், குத்தினாள், எடுத்தாள்.

அது தலையைத் தூக்கவில்லை.

தின்று முடித்து, வாயை நக்கி, அவள் காலில் உரசிவிட்டு, மிஷின் மோட்டார் பக்கத்தில் பழைய இடத்திலேயே போய்ப் படுத்தது. மிஷினக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று காலை சீருடைக் காலர்களை அவள் தைத்த வேகத்தைப் பார்த்து எதிர் வீட்டுக்காரி, "என்னக்கா, யார் மேல இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டாள்.

"என் புள்ள என்கிட்ட வந்துட்டான்."

வெயில் பலகைக்கு ஏறிய நேரத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பொத்தான் எழுந்தது. எழுந்த பூனையின் பின்கால்கள் வேறு யாருடையதோ போல மடங்கின. இரண்டு அடி நடந்து சாய்ந்தது. மறுபடி எழுந்து, குடித்தவன் மாதிரிச் சுவரில் முட்டியது. கண் அகல விரிந்து எதையும் பார்க்காமல் இருந்தது. கூப்பிட்டாள். காதுகூட அசையவில்லை.

போனில் டாக்டரம்மா, "சர்க்கரைப் பாகு, தேன், எது இருந்தாலும் ஈறுல தடவுங்க. தடவிக்கிட்டே உடனே கொண்டு வாங்க," என்றாள். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தபோது பாதி தரையில் சிந்தியது. வண்டியில் போகும்போது விரலை அதன் வாய்க்குள் விட்டுத் தடவிக்கொண்டே போனாள். "கடிடா, என்னைக் கடியேன்," என்றாள். அது கடிக்கவில்லை.

டாக்டரம்மா பொத்தானின் காலில் குழாய் செருகி குளுக்கோஸ் ஏற்றினாள். பிறகுதான் கேட்டாள். "எந்த சிரிஞ்சில போட்டீங்க?"

மிஷினக்கா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். சிவப்பு மூடி.

"இது ஒரு மில்லிக்கு நாப்பது யூனிட் இருக்கிற மருந்துக்கு உண்டானதும்மா. இப்போ போடுறது நூறு. அதே சொட்டுல மருந்து கெட்டியா இருக்கும். அதுக்குத்தான் வேற மூடி, வேற கோடு. இதுல ரெண்டாவது கோடுவரை இழுத்தீங்கன்னா ரெண்டு யூனிட்டுக்குப் பதிலா அஞ்சு போயிருக்கும். உங்க ஓரகத்திகிட்ட விவரமா சொல்லி அனுப்பினேனே?"

"சொன்னா," என்றாள் மிஷினக்கா. "சொல்ல வந்தா."

கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. டேப் அங்கே இருந்தது. நுனியைப் பிடித்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் அங்குலம், கோடுகள் தள்ளித் தள்ளி. திருப்பினாள். அந்தப் பக்கம் சென்டிமீட்டர், நெருக்கி நெருக்கி. இதில் இரண்டு என்றால் அதில் ஐந்து. வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்த சங்கதி. ஊசியின் தடிமனைப் பார்த்தாளே தவிர, கோட்டைப் பார்க்கவில்லை. டேப்பைத் திருப்பிப் பிடித்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்தபோது சின்னவள் ஓடி வந்தாள், ஊர்ப் பையைக்கூட இறக்காமல். மேஜையில் கிடந்த சிவப்பு மூடியைப் பார்த்தாள். மிஷினக்காவைப் பார்த்தாள். மிஷினக்கா காத்திருந்தாள். இத்தனை வருஷத்துக் கதைக்கும் சேர்த்து வட்டியோடு வரப்போகிறது என்று தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"சர்க்கரைத் தண்ணி தடவுனீங்களா?"

"ம்."

"நல்ல வேளைக்கா."

அவ்வளவுதான். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் மிஷினக்காவுக்கு மனசு ஆறியிருக்கும்.

பொத்தான் பிழைத்தது. கூண்டுக்குள் தலையைத் தூக்கி, முதல் வேலையாக இருவரையும் பார்த்துக் கத்தியது, சோறு எங்கே என்று.

மழை விட்டு வெயில் திரும்பிய ஒரு சாயங்காலம் டீச்சர் வந்தார். புது வீட்டுக்குப் புதுத் திரை. நாற்காலியில் உட்காரும் முன்பு கைக்குட்டையால் தட்டினார். "பூனையை அந்தப் பக்கம் தள்ளும்மா. முடி ஒட்டும். எனக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது." பொத்தான் சின்னவளின் முக்காலியடியில் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஊசி வேளை. சின்னவள் ஆரஞ்சு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை அரைக்கால்சட்டை வேண்டாம்மா," என்று டீச்சர் சிரித்தார். "மிஷினக்கா, அந்தக் கதையைச் சொல்லேன். கேட்டு நாளாச்சு."

மிஷினக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். எடுக்கவில்லை. சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சொல்றேன் டீச்சர்," என்றாள் சின்னவள்.

மிஷினக்காவுக்குக் கை நின்றுவிட்டது. வந்துவிட்டது. தெருவுக்கே தெரியப்போகிறது.

"டேப்பைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு மொத்தத் துணியையும் வெட்டிட்டேன் டீச்சர். அக்கா வந்து பார்த்தாங்க. ஜன்னலுக்கெல்லாம் அரைக்கால்சட்டை தைச்சுட்டா எங்க வீட்டு மகராசின்னாங்க..."

அதே கதை. அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் கையை விரித்து, மிஷினக்காவின் குரலிலேயே சொன்னாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மிஷினக்காவுக்குக் காது மடல் கொதித்தது. சின்னவள் ஊசியை எடுத்துக்கொண்டாள், பூனையை எடுத்துக்கொண்டாள், போகட்டும். காட்டிக்கொடுக்காத பெருமையையும் எடுத்துக்கொண்டாளே. இப்போது அந்தக் கதையையும், தன்னைவிட நன்றாகவே சொல்லி எடுத்துக்கொண்டாள். இவளுக்கு விட்டுக்கொடுக்க இனி ஒன்றும் பாக்கியில்லை.

குண்டூசிகளைத் துப்பினாள்.

"இதெல்லாம் ஒரு கதையா டீச்சர்? இவ ஜன்னலைத்தானே அரைகுறையா விட்டா. நான் உசிரையே டேப்பைத் திருப்பிப் பிடிச்சு அளந்தேன், கேளுங்க!"

சொன்னாள். சாக்கு தைக்கிற ஊசி என்று மருந்துக்கடையில் பீற்றிக்கொண்டதிலிருந்து ஆரம்பித்தாள். வேறு தெருக் கடைக்குத் திருட்டுத்தனமாகப் போனதை நடந்து காட்டினாள். "மனுஷன் படிக்கிற மாதிரி கோடுன்னு பெருமைப்பட்டேன் டீச்சர், அது பூனைக்கு அங்குலம் போட்டுருச்சு!" டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சின்னவள் ஊசியைக் கையில் வைத்தபடி முதல்முறையாகத் தலை நிமிர்ந்து, வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் டீச்சர், "உன் கதைதான் மிஷினக்கா பெரிய கதை," என்றார். மிஷினக்கா ஓரக்கண்ணால் சின்னவளைப் பார்த்துக்கொண்டாள்.

"குடுடி இங்க. புடிச்சுக்கிறேன். நீ குத்து. ரெண்டாவது கோடு, உன் கோடு, சரியா இருக்கா?"

"நீங்களே பாருங்க."

மிஷினக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு, எறும்பு ஊர்ந்த கோடுகளைப் பார்த்தாள். தலையசைத்தாள். ஒருத்தி தோலைத் தூக்கினாள், ஒருத்தி குத்தினாள். பொத்தான் கிண்ணத்தைக் கடைசிச் சொட்டுவரை நக்கி முடித்தது. உடம்பை நீட்டி முறுக்கிக்கொண்டது. மிஷினக்கா கத்தரிக்கோலைச் சத்தம் வரும்படி பலகையில் வைத்தாள். சின்னவள் மடியைச் சரிசெய்துகொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

பூனை இருவருக்கும் நடுவில் நின்று வாலை ஒருமுறை ஆட்டியது. பிறகு நேராக நடந்து போய், டீச்சரின் மடியில் தாவி ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது. குர்ரென்று அரைக்கத் தொடங்கியது.

கையை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த டீச்சர், மெதுவாக ஒரு விரலை இறக்கி அதன் முதுகு வட்டத்தைத் தொட்டார். "அட, எவ்வளவு மெத்துன்னு இருக்கு!"

"முடி ஒட்டும் டீச்சர்," என்றாள் மிஷினக்கா.

"ஆமா டீச்சர், இறக்கி விட்டுடுங்க," என்றாள் சின்னவள்.